இஞ்சின் கூடாத ஆறு

1

ஒலிபெருக்கியில் ஒரு மனிதர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிறவர்கள் படித்துவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், ஆறு கடலில் கலக்கிற ஒரு சின்னத் துறைமுக ஊர். குளிர்காலம் நெருங்கும்போது இங்கே சிப்பி சீசன் தொடங்கும். அதற்கு ஒரு திருவிழா உண்டு. பந்தல் போடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்து சிப்பியைப் பச்சையாக விழுங்குவார்கள். மரக்காணம் பக்கத்து எங்கள் அனுமந்தைக் குப்பத்தில், கழிமுகத்தில் கிடைக்கும் சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையில் தடவினவர்கள் நாங்கள். இவர்கள் விழுங்கும்போது நான் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த வருட விழாவில், ஆற்றில் அணிவகுத்து வந்த சிப்பிப் படகுகளைக் காட்டி, அறிவிப்பாளர் முழங்கினார்: "பாய் விரித்துத் தொழில் செய்யத் தெரிந்த கடைசி மனிதர்கள், உலகத்திலேயே இவர்கள்தான்!"

கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை.

"உலகத்துலயேன்னா? எங்க அனுமந்தை எந்த உலகத்துல இருக்குது?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. முன்னால் நின்ற வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"விடு. அவன் ஏதோ மைக்கு கிடைச்சிதுன்னு பேசறான்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பெருமுக்கல்காரர். மலையைப் பார்த்து வளர்ந்தவர். தண்ணீரைக் கண்டால் இரண்டடி தள்ளியே நிற்பார். அவருக்கு இந்தக் கோபம் புரியாது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கருஞ்சிவப்புப் பாய் கட்டிய அந்தப் படகுகளில் ஒன்றில், ஆரஞ்சுநிறக் கோட்டு மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றவள் என் மகள் வேணி.

2

நான் நர்ஸ். அனுமந்தைக் குப்பத்திலிருந்து நர்சிங் படித்து வெளிநாடு வந்த முதல் பெண் நான்தான். வந்த புதிதில் என்னுடைய ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் "பீச்சில்" என்பேன். கடற்கரைக்கு எனக்குத் தெரிந்த சொல் அதுதான். வார்டில் எல்லோரும், "அடடா, கொடுத்து வைத்தவள், தினமும் பீச்சா!" என்று பெருமூச்சு விட்டார்கள். குடையும் சாய்வு நாற்காலியும் போட்டுப் படுத்திருந்தோம் என்று நினைத்துவிட்டார்கள். மணலில் நெத்திலி உலர்த்தியதையும், கருவாட்டுக்குக் காக்கா ஓட்டியதையும் சொல்லிப் புரியவைக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

வேலைக்குச் சேர்ந்த அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரி மாடி ஜன்னல் வழியாக ஆற்றில் ஒரு பாயைப் பார்த்தேன். துருவேறிய சிவப்பு. எங்கள் ஊரில் பட்டைச் சாயம் ஏற்றிய பாய்க்கும் இதே நிறம்தான். கையில் ஊசி மருந்து ட்ரேயோடு அப்படியே நின்றுவிட்டேன். பெரிய நர்ஸ் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். இந்த ஆற்றின் சிப்பிப் படுகையில் இஞ்சின் ஓட்டிச் சிப்பி வாரக் கூடாது. இது வழக்கமில்லை, சட்டம். காற்றுப் பிடித்து நகர்கிற படகோ, கையால் துடுப்புப் போடுகிற தோணியோதான் இறங்கலாம். இரும்பு வாய் வைத்த வலைப் பையைப் படுகைமேல் இழுத்துக்கொண்டே போய், கையால் தூக்கிக் கொட்டிப் பொறுக்குவார்கள். ஒரு பித்தளை வளையம் இருக்கும். அதற்குள் நுழைகிற அளவுக்குச் சின்னச் சிப்பி என்றால் திரும்பத் தண்ணீருக்கு. இஞ்சினை விட்டால் ஒரே சீசனில் ஆற்றைச் சுரண்டிவிடுவார்கள் என்று முன்னோர் கட்டிய கட்டு.

இதைத் தம்பியிடம் போனில் சொன்னேன். தம்பி சேகர் ஊரிலேயே இருக்கிறான். ஃபைபர் படகு வைத்திருக்கிறான், இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான்.

"இஞ்சின் வெச்சா போலீஸ் பிடிக்குமா? ஏங்க்கா, அது கிறுக்கனுங்க ஊரா?"

"சட்டம்டா."

"நம்ம ஊர்ல இஞ்சின் வந்தப்பறம் காத்து செத்துப்போயி எவனும் நடுக்கடல்ல நிக்கல. அந்தச் சட்டம் போட்டவன ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நம்ம நைனாகூட மரத்துல அனுப்பியிருக்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. பாய் போனதற்காக எங்கள் குப்பத்தில் யாரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. இஞ்சின் வந்தபோது தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித்தான் தண்ணீரில் இறக்கினோம். பாயைப் பாட்டாகப் பாடுகிறவர்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள்.

3

நைனா என்றால் எங்கள் அப்பா. கட்டுமரத்தை நாங்கள் வெறுமனே மரம் என்போம். கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அதன்மேல் ஒரு பாய், ஒரு துடுப்பு, இடுப்பில் ஒரு துணி. அலை உடைகிற இடத்தைத் தாண்டி அதை வெளியே கொண்டுபோவது சாமானியக் காரியமில்லை. நைனா தாண்டுவதைக் கரையிலிருந்து பார்க்கும்போது எனக்குக் கர்வம் தலைக்கேறும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், "பாத்தியா, எங்க நைனாவ?" என்பேன். அந்தக் கர்வம் இன்னும் இறங்கவில்லை, இறக்கிவைக்கும் உத்தேசமும் இல்லை.

மரத்தில் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். பெண்கள் எந்தக் காலோடும் ஏறக் கூடாது. நான் ஒரு தடவை விளையாட்டாக ஏறி உட்கார்ந்ததற்கு முதுகில் வாங்கியது நினைவிருக்கிறது.

காற்று மெலிந்தால் நைனா ஒரு வேலை செய்வார். துடுப்பால் கடல் தண்ணீரை வாரிப் பாய்மேல் அடிப்பார். பருத்தித் துணியில் காற்றுக் கசியும். நனைந்தால் நூல் உப்பி, நெசவுக் கண்ணெல்லாம் அடைந்து, இருக்கிற கொஞ்சக் காற்றையும் பிடித்துக்கொள்ளும். கரையிலிருந்து பார்த்தால் பாயின் சிவப்பு திடீரென்று கறுக்கும். "தண்ணி அடிக்கிறாங்க. காத்து செத்துப்போச்சி" என்று அம்மா சொல்லும். அதன் பிறகு அம்மா வீட்டுக்குள் போகாது.

ஒரு முறை மாலை வரை வரவில்லை. இரவெல்லாம் வரவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் புதுச்சேரிப் பக்கமிருந்து துடுப்புப் போட்டே வந்தார். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. அம்மா அழுது தீர்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டது. நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே, "காத்து இல்ல. அதான்" என்றார்.

எங்கள் குப்பத்தில் ஆண் கடலுக்குப் போனால், "தொழிலுக்குப் போயிருக்காரு" என்பார்கள். மரியாதையான பேச்சு. அதே வீட்டு அம்மா விடியலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உப்பளத்து வரப்பு வழியாக மரக்காணம் வரை நடந்து, உப்பு வாருகிறவர்களுக்கும் சந்தைக்கும் மீன் விற்றுத் திரும்பினால், "மீன் விக்கப் போயிருக்குது" என்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது.

ஊரைவிட்டு நான் பஸ் ஏறின அன்றைக்கு அம்மா சொன்னது: "உன் வயித்துல பொறக்கறதாவது உப்புத் தண்ணியப் பாக்காம இருக்கணும்." நான் தலையாட்டினேன்.

4

அந்த வயிற்றில் பிறந்தவள்தான் போன கோடையில் சமையலறை வாசலில் நின்று சொன்னாள்:

"அம்மா, நான் இந்த வருஷம் காலேஜ் சேரல. ஜென்னி போட்ல வேலைக்குப் போறேன்."

மருந்தாளுநர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஊரில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஜென்னி யாரென்று எனக்குத் தெரியும். நாற்பது தாண்டிய, கரகரத்த குரல் உள்ள பெண். தாத்தா காலத்திலிருந்தே சிப்பிப் படகு வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் வேணி அந்தப் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கைச்செலவுக்குத்தானே என்று நானும் விட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஜென்னியோடு படகில் வந்த அவள் தம்பி, லாரி ஓட்டப் போய்விட்டான். குளிரில் கயிறு இழுக்க இந்த ஊர் இளவட்டங்கள் யாரும் வரவில்லை. முன்பெல்லாம் ஆறு கொள்ளாத அளவுக்குப் பாய்கள் இருந்தனவாம்; இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த சீசனில் படகு இறங்காவிட்டால் உரிமம் கைவிட்டுப் போகும். உரிமம் போனால், வார இறுதியில் உல்லாசமாக ஓட்டுகிற யாரோ ஒரு பணக்காரருக்குப் படகும் போகும். இரண்டாவது ஆள் இல்லாமல் தனியாக இறங்க முடியாது.

"அவங்க படகு போனா உனக்கென்னடி? உங்க தாத்தா கையில தோல் இல்லாம வந்தாரு. அதுக்காடி நான் கடல் தாண்டி வந்தேன்?"

"அந்தக் கதைய நீதானம்மா எப்பப் பாத்தாலும் ப்ரௌடா சொல்லுவ? தாத்தா மாதிரி ஆளு கிடையாதுன்னு? ப்ரௌடான வேலைன்னா நான் ஏன் செய்யக் கூடாது?"

பதில் வராதபோது நான் சத்தம் போடுவேன். போட்டேன். பிள்ளைகள் தமிழை விட்டுவிடுவார்கள், சோற்றை விட்டுவிடுவார்கள், வெள்ளைக்காரர்களாக மாறிவிடுவார்கள் என்றெல்லாம் பயந்திருக்கிறேன். மீன்காரியாக மாறுவாள் என்று பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

"போகட்டும் விடு. இந்தக் குளிருக்கு ஒரு வாரத்துல மூக்க ஒழுக்கிக்கிட்டு வந்து நிப்பா" என்றார் வீட்டுக்காரர். அவர் கணக்கு எப்போதும் இப்படித்தான்.

5

கடைசியாக ஒரு வழி பாக்கி இருந்தது. ஆபீஸ்.

விசா, வாடகை, வங்கி என்று வந்த நாள் முதல் இந்த நாட்டு ஆபீஸ்கள் என்னை ஓட ஓட விரட்டியிருக்கின்றன. ஒரு தாளைக் கொடுத்தால் அதற்கு முந்தின தாளைக் கேட்பார்கள். பெயரில் அப்பா பெயர் எங்கே, குடும்பப் பெயர் எங்கே என்று என்னைக் கூறு போட்டவர்கள். இந்த ஒரு முறையாவது என் பக்கம் நின்று வேணியைத் திருப்பி அனுப்புவார்கள் என்று நம்பி, துணைக்கு வருவதாகச் சொல்லி, நானும் கூடவே போனேன்.

சிப்பி உரிமம் பார்க்கிற அலுவலகத்தில் சிரித்த முகமாக ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். உடற்தகுதிச் சான்று இருக்கிறதா? இருந்தது. தண்ணீரில் விழுந்தால் பிழைக்கும் பயிற்சி? எனக்குத் தெரியாமல் முடித்திருந்தாள். நான் குறுக்கே புகுந்து, "இவளுக்கு அனுபவமே கிடையாது. அனுபவம் இல்லாதவர்களைத் தடுக்க விதி ஏதும் இல்லையா?" என்று கேட்டேன்.

வேணி என்னை முறைத்தாள்.

அந்தப் பெண் யோசித்தாள். "விதி இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் யாராவது பாய்ப்படகில் தொழில் செய்திருக்கிறார்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தடுக்க வந்தவள் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"எல்லாரும். என் அப்பா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா. எங்களுக்குத் தெரிந்தவரைக்கும் எல்லாரும். இந்த ஆறெல்லாம் இல்லை அம்மா, அலை உடைகிற கடல்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எழுந்து நின்று வேணியின் கையைக் குலுக்கினாள். விசாவுக்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட நாட்டில் இந்த வேலை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் வேணி என் தோளில் தலையைச் சாய்த்து, "தேங்க்ஸ்மா" என்றாள். நான் பஸ் வரும் வரை பஸ் நேரப் பலகையையே படித்துக்கொண்டிருந்தேன்.

6

சீசன் தொடங்கியது. திருவிழா முடிந்தது. வேணி விடியலில் போவாள், கை வெடித்து, சேறு நாற்றத்தோடு வருவாள். நான் சோறு போடுவேன், கேள்வி கேட்க மாட்டேன். என் கோபம் அப்படி. என் தம்பி சேகரோடு மட்டும் அவள் வீடியோவில் மணிக்கணக்கில் பேசுவாள். அவனுக்கு அது வேடிக்கை. "மாமாவ ஏமாத்தாதடி, நெஜமாவே இஞ்சின் இல்லியா? காட்டு பாப்போம்" என்பான்.

ஒரு நாள் அவள் வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. எவ்வளவோ கேட்ட பிறகு சொன்னாள்.

காலையிலிருந்து காற்றே இல்லையாம். எல்லாப் படகும் அசையாமல் நின்றிருக்கின்றன. மாமா சொல்லிக்கொடுத்தது நினைவு வந்து, வாளியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு பாய்மேல் வீசியிருக்கிறாள். ஒன்றல்ல, வாளி வாளியாக. பக்கத்துப் படகுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். "துணி துவைக்கிறாயா?" என்று ஒருவன் கத்தியிருக்கிறான். இப்போதைய பாய் நைலான் மாதிரித் துணி. அதில் காற்றுக் கசியாது. தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், கனம்தான் கூடும். மாமா கடைசியாகப் பாயைத் தொட்ட காலத்தில் பருத்திதான் இருந்தது என்பதை அவனும் சொல்லவில்லை, இவளும் யோசிக்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா. இனிமே போகல."

இதற்காகத்தானே காத்திருந்தேன்? வீட்டுக்காரர் என்னை அர்த்தத்தோடு பார்த்தார். அவள் வாயாலேயே போகவில்லை என்று சொல்லிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றியிருந்தால் காரியம் முடிந்தது.

ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் நைனா செய்த காரியத்தைப் பார்த்து எவன் சிரித்தது?

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட். காலையில் வேணியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படகுத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜென்னி கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று படகுக்காரர்களும் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"உன் பாய்மேல் என் மகள் தண்ணீர் அடித்தது தப்புத்தான். ஆனால் அது முட்டாள்தனம் இல்லை. துணிப் பாயைப் பிழைப்பாக வைத்திருந்த வீட்டுப் பெண் அவள். என் அப்பா அப்படி நனைத்துத்தான் கரை வந்து சேர்ந்தார். சிரித்தவர்களில் யாருடைய அப்பா மூன்று கட்டைமேல் உட்கார்ந்து கடலுக்குப் போனார்? சொல்லச் சொல்."

கோபத்தில் என் ஆங்கிலம் எப்படிப் போனதோ தெரியாது. பாதியில் தமிழும் கலந்திருக்கும். ஜென்னிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நான் சிரிக்கவில்லையே" என்றாள். "என் தாத்தா இதற்கென்றே நீளக் காம்பு வைத்த ஒரு அகப்பை வைத்திருந்தார். காற்று விழுந்தால் பாய்க்குத் தண்ணீர் அடிப்பார். பாதி என் தலையில் விழும். அதை மறுபடியும் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை." பிறகு வேணியைப் பார்த்தாள். "இது உன் வீட்டு வித்தை என்று அங்கேயே ஏன் சொல்லவில்லை? நான் அவர்கள் வாயை அடைத்திருப்பேனே."

சிரித்த ஆட்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கும் விதம் அது போலிருக்கிறது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"மேலே வாருங்கள். உங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்" என்றாள் ஜென்னி.

முதுகில் வாங்கிய அந்தப் பழைய அடி நினைவுக்கு வந்தது. பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினேன், சாக்ஸையும் கழற்றினேன். ஈரப் பலகை ஐஸ்கட்டியாக இருந்தது.

"என்ன செய்கிறீர்கள்? விறைத்துப்போவீர்கள்!" என்று ஜென்னி கத்தினாள்.

"எங்கள் ஊரில் செருப்புக் காலோடு ஏற மாட்டோம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

வேணி என் காதில், "நானும் மொத நாளு கழட்டிட்டேன்மா. ஜென்னி திட்டிப் போட வெச்சாங்க" என்றாள். அவளிடம் நான் அதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

ஐந்து நிமிடம்கூட நின்றிருக்க மாட்டேன். பாதம் மரத்துப்போய்விட்டது. கீழே இறங்கி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது பாய் ஏறியது. கயிற்றை இழுத்தது வேணி. உடம்பைப் பின்னால் சாய்த்து, கையைவிட இடுப்பால் இழுத்தாள். நைனா இழுக்கிற மாதிரியேதான். யாரும் அவளுக்கு அதைக் காட்டியிருக்க முடியாது. அவள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்வத்தில்தான்.

7

இன்று எனக்கு விடுமுறை. மதியத்தோடு சிப்பி வாருகிற நேரம் முடிந்து, மற்ற படகுகளை இஞ்சின் வைத்த தோணிகள் இழுத்து வந்துவிட்டன. ஜென்னி படகில் இஞ்சினே கிடையாது. இழுத்து வரச் சொல்லிக் கேட்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பழக்கப்பட்டதுதான். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து துறைமுகக் கொடிக்கம்பம் தெரியும். கொடி கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தது. நான் அதைப் பார்த்தபடி இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

வேணியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. தமிழைக் கஷ்டப்பட்டுத் தட்டியிருந்தாள்: "காத்து இல்லம்மா. அதான்."

போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பிறகு உட்காரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே இருட்டியிருந்தது. பின்னால் பிள்ளைகள் சத்தம், டிவி சத்தம்.

"வேணி எங்கக்கா? கூப்பிடு. இன்னிக்கி என்ன பிடிச்சேன்னு காட்டறேன் அதுக்கு."

"வீட்ல இல்லடா" என்றேன். "தொழிலுக்குப் போயிருக்கா."

சொல்லிவிட்டுத்தான் என் காதில் விழுந்தது. எங்கள் வம்சத்தில் ஒரு பெண்ணைப் பற்றி யாரும் சொல்லாத பேச்சு. அம்மாவைப் பற்றிச் சொல்லாத பேச்சு. சேகர் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. திரும்பி, டிவியை அணைக்கச் சொன்னான். பிறகு, ஆம்பளைகள் கடலில் இருக்கும்போது எங்கள் கரையில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"காத்து எப்படிக்கா இருக்குது?"

ஜன்னலில் பார்த்தேன். கொடியின் நுனி கம்பத்தை விட்டு மெல்லப் பிரிந்தது.

"வாடை எழும்புதுடா" என்றேன். "வந்துடுவா."